எங்களுக்கு முன்னால் புறப்பட்ட மூட்டை

1

முருகன் கிருபையால் இங்கே இலங்கையில், பதுளையில் நாங்கள் சுகம். துறையூர்ப் பக்கத்து உறவுகளும், இதைப் படிக்கப்போகிற முகம் தெரியாதவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். கடல் தாண்டி வந்தவனால் அதைத்தான் செய்ய முடியும்.

நாளையோடு என் மகன் தங்கவேலுக்குக் கலியாணமாகி ஒரு வருடம் நிறைகிறது. அந்த நினைப்பில் இருந்தபோதுதான் போன வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவர் என் பாத்திரக் கடையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, ஒங்க பதுளைக்குத்தான் ரயிலு வந்துருச்சே. அம்மாம்பெரிய சர்க்கார் ரயில வுட்டுட்டு எதுக்குய்யா ஆளாளுக்கு இந்த மோட்டார் பஸ்ஸுல தொத்திக்கிட்டுப் போறீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி மீனாட்சி சிரித்துவிட்டாள். அவர் விழித்தார். சிரிப்புக்குக் காரணம் சொன்னால் ஒரு காப்பி போதாது என்று இரண்டாவது காப்பி வரவழைத்து, நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர், "இத எழுதி ஊருக்கு அனுப்புங்க, அங்க உள்ளவங்களும் சிரிக்கட்டும்" என்றார். என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

நான் இந்தச் சீமைக்கு வந்தபோது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. இறங்கியவன் துரையாக இருந்தால் குதிரை வண்டி காத்திருக்கும். வியாபாரியாக இருந்தால் மாட்டு வண்டி. என்னைப் போலக் கடைச் சிப்பந்தி வேலைக்கு வந்தவனாக இருந்தால் மாட்டு வண்டிக்குப் பின்னால் நடக்கலாம். நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நடந்துதான் பதுளைக்கு வந்து சேர்ந்தேன். பனியில் விறைத்துப்போய் வண்டிக்காரனிடம், "அண்ணே, கொஞ்சம் ஏறிக்கட்டுமா?" என்றேன். "மூட்டைக்குக் கூலி குடுத்துருக்காங்க. ஒனக்கு யாரு குடுத்தா?" என்றான். நியாயமான மனிதன்.

அப்புறம் மோட்டார் பஸ் வந்தது. பலகை ஆசனம், பக்கத்துக்குக் கித்தான் துணி, முன்னால் கம்பியைச் சுழற்றினால் உறுமும். ஏற்றத்தில் கொதித்து நின்றுவிடும். ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றினால் மறுபடி நகரும். கோழிக் கூடையும், கோவா என்று இங்கே சொல்கிற முட்டைக்கோசும் மடியில் வரும். பக்கத்தில் இருக்கிறவர் தூங்கினால் அவர் தலையும் மடியில் வரும். எனக்குப் பஸ் பிடிக்காது. அதில் ஏறினால் சாமி பாட்டு ஒன்றும் வாயில் நிற்காது. வேறு ஏதேதோ வாய்க்கு வரும்.

ஆகவே பதுளை வரைக்கும் ரயில் வந்துவிட்டது என்றதும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர்களில் நான் முதல் ஆள். இஞ்சினுக்குச் சூடம் காட்டினேன். டிரைவர் பயந்து கீழே குதித்தார் என்று என் மகன் ஊரெல்லாம் சொல்வது பொய். கொஞ்சம் நகர்ந்து நின்றார், அவ்வளவுதான்.

ஆனால் ஊரார் கதை வேறு மாதிரிப் போயிற்று. முதல் இரண்டு மாதம் பண்டாரவளைக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், போக வேலை இல்லாதவர்கள் எல்லோரும் ரயிலில் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். பகலில் நமக்குத் தோதாக மேலே போகிற வண்டி ஒன்றுதான். அதுவும் உச்சி வேளையில். காய்கறி வியாபாரிகள் அதில் போய்ச் சேரும்போது சந்தை கூட்டிப் பெருக்கியாகிவிடும். பண்டாரவளையில் பாடம் சொல்லப் போகிற வாத்தியார் போய்ச் சேரும்போது பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பியிருக்கும். தோட்டத்து ஆட்களுக்கு ஸ்டேஷன் ஒரு மலையில், குடியிருக்கிற லயம் இன்னொரு மலையில். பஸ் அப்படி இல்லை. கையை நீட்டின இடத்தில் நிற்கும். தேநீர் குடித்து முடிக்கும்வரை நிற்கும். சில சமயம் டிரைவரும் இறங்கி வந்து குடிப்பார்.

நான் மட்டும் ரயிலை விடவில்லை. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், அந்தப் பஸ் ஒன்றில் கண்டக்டர் வேலை பார்த்தவன் என் மகன் தங்கவேல்தான்.

"கடையப் பாத்துக்கடான்னா படிக்கட்டுல தொங்கிக்கிட்டு ஊளையிடுறியே" என்பேன்.

"ஊளையிட்டாத்தான்பா ஆளு ஏறும். ஒங்க ரயிலும் ஊளைதான் இடுது, ஆளு ஏறலியே" என்பான்.

இங்கே பிறந்த பிள்ளைகள் இப்படித்தான். ராகுகாலம் பார்க்கச் சொன்னால், "பஸ்ஸுக்கு ஆளு நெறஞ்சா அதுதான்பா நல்ல நேரம்" என்று சொல்லுகிறார்கள்.

3

அந்தப் பஸ்ஸில்தான் சம்பந்தமும் அமைந்தது. பண்டாரவளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருக்கிற முத்துக்கருப்பன் வாராவாரம் பதுளைச் சந்தைக்கு வருவார். எவ்வளவு நெரிசலானாலும் இடம் பிடித்துக் கொடுத்த கண்டக்டர் பையனை அவருக்குப் பிடித்துவிட்டது. விசாரித்தார். நாங்களும் துறையூர்ப் பக்கம், அவர்களும் துறையூர்ப் பக்கம். பெண் பெயர் பொன்னம்மா. பேசி முடித்தோம்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சம்பந்தி, சீரு செனத்தி நான் பாக்கல. நல்ல நேரத்துல பொறப்பட்டு வாங்க. என் மூத்தவளுக்குப் பேசின எடத்துல மாப்பிள்ள வூட்டுக்காரங்க ராகுகாலத்துல கெளம்பி வந்தாங்க. வந்த எடத்துல வாய்ச் சண்டை, பந்தலோட போச்சு. அன்னைக்கே சாமி முன்னால சொல்லிட்டேன். ராகுகாலத்துல கெளம்பி வர்றவங்க கையில இனிமே பொண்ணக் குடுக்கிறதில்ல."

"அதுல என்னை மிஞ்ச ஆளு கெடையாதுங்க" என்றேன். பெருமைதான்.

முகூர்த்தம் வியாழக்கிழமை விடியற்காலை, தோட்டத்து மாரியம்மன் கோயிலில். ஆகவே புதன்கிழமையே போய்ச் சேர வேண்டும். புதன்கிழமை ராகுகாலம் உச்சி வேளை. ரயிலும் உச்சி வேளை. பஸ்ஸில் காலையிலேயே போகலாம் என்றான் மாப்பிள்ளை. கலியாணக் கூட்டம் கோழிக் கூடையோடு போவதா என்று நான் மறுத்துவிட்டேன். அப்படியென்றால் ரயிலும் வேண்டும், நல்ல நேரமும் வேண்டும்.

இதற்குத்தானே நம் பெரியவர்கள் பரஸ்தானம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: புறப்படுகிற நேரம் சரியில்லை என்றால், நல்ல நேரத்திலேயே நம் சாமான் ஒன்றை மூட்டை கட்டி வீட்டை விட்டு வெளியே அனுப்பி, வேறு ஒருவர் இடத்தில் வைத்துவிட வேண்டும். அது புறப்பட்டால் நாமே புறப்பட்ட மாதிரி. பிறகு எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. ஒரே நிபந்தனை, வெளியே போன மூட்டை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது.

எங்கள் அப்பா ஒரு தடவை சமயபுரம் போக இப்படித்தான் புது வேட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்தார். மாட்டுக்குக் காய்ச்சல், பயணம் நான்கைந்து நாள் தள்ளிப் போயிற்று. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு தானே சமயபுரம் போய்த் தரிசனம் பண்ணிவிட்டு வந்துவிட்டார். "ஒங்க வேட்டி போயிட்டு வந்துருச்சு, இனிமே நீங்க எதுக்கு?" என்றாராம். அப்பா போகவே இல்லை.

4

என் பெரியப்பா மகன் அம்பலத்தண்ணன் கலியாணத்துக்காகவே ஊரிலிருந்து கப்பலேறி வந்திருந்தார். சாஸ்திரத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். மூக்குப்பொடியை இழுத்துக்கொண்டு அவரே சொன்னார்: "தம்பி, வெறும் வேட்டி வெச்சா போதாது. கலியாணப் பயணம். தாலியையே பரஸ்தானம் வெச்சிருவோம். அதவிட ஒசத்தி ஒண்ணு இல்ல."

அப்படியே செய்தோம். மீனாட்சி தன் தோட்டை உருக்கிச் செய்வித்த தாலியை மஞ்சள் துணியில் முடிந்து, கதிர்காமத்து விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து, கூறைப் புடவை, வேட்டி, தேங்காய், மஞ்சள் எல்லாம் வைத்துக் கட்டினாள். புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் மூட்டை வீட்டை விட்டுப் போயிற்று. ஸ்டேஷன் வாசலில் சோடாக் கடை வைத்திருக்கிற காசிம் நானா எனக்கு இருபது வருடப் பழக்கம். இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். அவர் கடையில் வைத்துவிட்டு, எட்டுப் பேருக்கும் டிக்கெட்டை அப்போதே வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். அம்பலத்தண்ணன் கூடவே வந்திருந்தார். அவர் நானாவிடம், "பாய், வண்டி வந்தா மூட்டைய ஏத்திருங்க. நாங்க நேரா வந்து ஏறிக்கிறோம்" என்று சொன்னார். நானாவும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளையை அலங்காரம் பண்ணி, எட்டுப் பேரும் வாசற்படி தாண்டினோம். அம்பலத்தண்ணன் ஒரு தும்மல் போட்டார்.

எல்லோரும் அப்படியே நின்றோம்.

"யாருடா தும்முனது?" என்றார் அம்பலத்தண்ணன்.

"நீங்கதான் பெரியப்பா" என்றான் தங்கவேல்.

"நானா?" என்று கேட்டுவிட்டு, விரலில் இருந்த பொடியை வேட்டியில் துடைத்தார். "யாரு தும்முனாலும் தும்மல் தும்மல்தான். உள்ள போங்க. ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டு மறுபடி கெளம்புவோம்."

"வண்டிக்கு நேரமாச்சு பெரியப்பா!"

"பரஸ்தானம் வெச்சாச்சுல்ல? நாம ஏற்கெனவே பொறப்பட்டாச்சு. என்ன அவசரம்?"

உள்ளே போனோம். உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தோம். மாப்பிள்ளைக்கு மறுபடி பொட்டு வைத்தார்கள். நம்மூர் மாட்டு வண்டியாக இருந்தால் மாடு புல் தின்றுகொண்டு நின்றிருக்கும். இந்த ரயிலுக்குப் புல் போட வழியில்லை. நாங்கள் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தபோது தண்டவாளம் இருந்தது, புகை இருந்தது, வண்டி இல்லை.

காசிம் நானா எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த சோடாப் போத்தலைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி! நீங்க எல்லாரும் வண்டிக்குள்ள ஈக்கிறீங்கன்டல்லோ நான் நெனச்சேன்! மூட்டைய கார்டு ஐயாட கையில குடுத்து ஏத்திட்டேனே! கலியாண ஊட்டு மூட்டை, ஆள்கள் உள்ளுக்கு ஈக்கிறாங்கன்னும் செல்லிட்டேன்!"

அந்த வண்டி கொழும்புக்குப் போகிற வண்டி. அடுத்த நாள் விடியலில் முகூர்த்தம். எங்கள் தாலி, நல்ல நேரத்தில், எந்தத் தோஷமும் இல்லாமல், தனியாகக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

5

மீனாட்சி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தாலி செய்யக் கழற்றிய பிறகு வெறுமையாக இருந்த காதை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை. இனியும் பார்க்க வேண்டாம் முருகா என்று அப்போதே வேண்டிக்கொண்டேன்.

"அப்பா, பஸ்ஸு" என்றான் தங்கவேல்.

அவன் வேலை செய்கிற பஸ் கடைத்தெருவில் நின்றது. டிரைவர் பண்டா சிங்களவர், ஆனால் எங்கள் தெருவிலேயே வளர்ந்தவர். விஷயத்தைக் கேட்டதும், "தங்கவேலு, உன் கலியாணத்துக்கு நான் வேற என்ன செய்ய? ஏறு, ஏறு! கோச்சி மலையில மெல்லத்தான் ஏறும். நம்ம பிடிக்கலாம்!" என்றார். கோச்சி என்றால் ரயில்.

அப்போது அம்பலத்தண்ணன் படிக்கட்டில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றார். "தம்பி. இப்ப ராகுகாலம்."

"பரஸ்தானம் வெச்சாச்சுண்ணே."

"வெச்சது ரயிலுக்கு. பஸ்ஸுக்கு வெக்கலியே."

ஒரு பயணத்துக்கு வைத்த பரஸ்தானம் வேறு வண்டியில் செல்லுமா? பெரிய பண்டிதர்களுக்கே இது குழப்பமாக இருக்கும். கங்காணி கேட்டால் என்ன சொல்வது? பொய் சொல்ல என்னால் முடியாது. தாலி இல்லாமல் போய் நின்றால் உண்மை சொல்லியும் பிரயோஜனமில்லை.

மீனாட்சிதான் முடிவு சொன்னாள். "மாமா, கண்ண மூடிக்கிட்டு ஏறுங்க. நேரம் தெரியாது."

அம்பலத்தண்ணன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். பார்த்தவர்கள் அவருக்குப் பார்வை இல்லையென்று நினைத்து முன்பக்கம் நல்ல இடமாகக் கொடுத்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

நானும் ஏறினேன். ஒருபோதும் ஏறமாட்டேன் என்று கடைத்தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்ன அதே பஸ்ஸில். கடைத்தெருவில் அந்த நாலு பேரும் நின்றிருந்தார்கள். அது முருகன் திருவிளையாடல்.

ஹாலி எல ஸ்டேஷனுக்கு நாங்கள் போனபோது வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. புகை மட்டும் மரங்களுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பண்டா பஸ்ஸை விரட்டினார். வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். வழியில் கை நீட்டியவர்களுக்கு நிற்கவில்லை. மாப்பிள்ளை வேஷத்தோடு தங்கவேல் பழக்க தோஷத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "இடமில்லே, இடமில்லே, கலியாணம்!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

6

தெமோதரையில் ரயில் பாதை எப்படிப் போகிறது என்று ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே ஸ்டேஷன் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. பதுளையிலிருந்து போகிற வண்டி முதலில் அந்த ஸ்டேஷனுக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். அப்புறம் மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறி, மேலே அதே ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும்.

நாங்கள் போய்ச் சேரவும் வண்டி சுரங்கத்துக்குள் நுழையவும் சரியாக இருந்தது. கடைசிப் பெட்டியும் மலைக்குள் மறைவதை அம்பலத்தண்ணன் பார்த்துவிட்டார். அப்போது அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

"போச்சு! பாதாளத்துக்கே போயிருச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "தாலி பூமிக்குள்ள போயிருச்சு தம்பி! இது நல்லதுக்கில்ல!"

"அண்ணே, எந்திரிங்க. இப்ப மேல வரும்."

"கீழ போனது எப்படிடா மேல வரும்?"

விளக்க நேரமில்லை. மாப்பிள்ளை ஓடக்கூடாது, பெண்களால் ஏற முடியாது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முருகா முருகா என்று குன்றின் மேல் ஓடினேன். என் வயதில் யாரும் ஓட வேண்டாம். மேலே போய் மூச்சு வாங்கி நிற்கும்போது, மலையைச் சுற்றிக்கொண்டு வண்டி வந்தது. கீழேயிருந்து அம்பலத்தண்ணன் குரல் கேட்டது.

"ஏறாத தம்பி! அது கொழும்புலேருந்து வர்ற வண்டி! அதுல நம்ம மூட்டை இருக்காது!"

கடைசிப் பெட்டியில் கார்டு ஐயா நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கள் பேசுவதும் தமிழ்தான், ஆனால் எனக்குப் பாதிதான் பிடிபடும். உள்ளே மூலையில் எங்கள் மஞ்சள் மூட்டை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கண்ணில் பட்டதும் நான் கேளாமல் கொள்ளாமல் உள்ளே ஏறிவிட்டேன். வண்டியும் நகர்ந்துவிட்டது.

"என்ன காணும் இது? ஆர் நீர்? எங்கை ஏறுறீர்?"

"என் மூட்டைங்க ஐயா. கலியாண மூட்டை."

"டிக்கெட் எங்கை?"

மடியிலிருந்து எட்டு டிக்கெட்டையும் எடுத்து நீட்டினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"எட்டுப் பேருக்கு எடுத்திருக்கு. ஒராள்தானே நிக்கிறீர். மிச்ச ஏழு பேர் எங்கை?"

"பஸ்ஸுல வர்றாங்க ஐயா."

"ரயிலுக்கு டிக்கெட் எடுத்துப்போட்டு பஸ்ஸிலை வருகினமோ?"

"ஆமாங்க."

"நீர்?"

"நானும் பஸ்ஸுலதாங்க வந்தேன். இங்க எறங்கி இதுல ஏறிக்கிட்டேன்."

"ஏன்?"

"மூட்டை முன்னாடியே வந்துருச்சுங்களே."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "ஏன் காணும் மூட்டை முன்னாலை வந்தது?"

"அது நல்ல நேரத்துல பொறப்பட்டுச்சுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பித்துப் பிடித்தவனா, திருடனா என்று யோசித்திருப்பார். "ஆளில்லாத மூட்டையைக் கொழும்பிலை ஒப்படைக்கோணும். அதுதான் சட்டம். உம்மடையெண்டால், உள்ளுக்கை என்ன இருக்கெண்டு சொல்லும், பாப்பம்."

கூறைப் புடவை, வேட்டி, தேங்காய், மஞ்சள், தாலி என்று சொன்னேன். அவர் முடிச்சை அவிழ்த்தார். மேலேயே பளபளவென்று ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து இருந்தது.

"இதைச் சொல்லேல்லையே?"

என் பிள்ளை மணவறைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரத் திட்டம் போட்டிருந்தது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரியும். கூறைப் புடவைக்கு மேலே செருப்புத் தோல்! "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. இது என் மகன் செஞ்ச அநியாயம். இந்த ஊருல பொறந்தவன்" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "எனக்கும் ஒரு பெடியன் இருக்கிறான்" என்றார். சப்பாத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அடியில் மஞ்சள் துணி முடிச்சைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"தாலியோ?"

"ஆமாங்க."

"நான் தொடேலாது. நீரே எடும்." பக்கத்தில் இருந்த விபூதிப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை மட்டும் எடுத்து, தொப்பி மறைக்கிற இடமாகப் பார்த்துப் பூசிக்கொண்டார். பிறகு எனக்கு உட்காரப் பெட்டி ஒன்றைக் காட்டினார்.

"ராகுகாலத்துக்குப் பயந்துதானே மூட்டையை முந்தி விட்டனீர்?"

"ஐயாவுக்குத் தெரியுங்களா!"

"நானும் சைவந்தானே காணும். கிழமைக்கு எத்தினை தரம் நான் ராகுகாலத்திலை கொடி காட்டி இந்த வண்டியை வெளிக்கிடுத்துறன் தெரியுமே? நேரம் சரியில்லையெண்டு கொடியைச் சுருட்டிக்கொண்டு நிண்டால், அடுத்த வண்டியிலை என்னைத்தான் வீட்டை அனுப்புவினம்." ஜன்னல் வழியாகக் கீழே ரோட்டைப் பார்த்தார். எங்கள் பஸ் போய்க்கொண்டிருந்தது. மீனாட்சி கித்தானை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நான் மூட்டையைத் தூக்கிக் காட்டினேன். பஸ்ஸே குலவை போட்டது. பஸ் எங்களைத் தாண்டி வளைவில் மறைந்தது.

"பாத்தீரே? இப்ப எல்லாரும் அதிலைதான் போகினம்" என்றார் கார்டு ஐயா. குரலில் கோபமில்லை.

7

பண்டாரவளையில் கங்காணி முத்துக்கருப்பன் மேளக்காரர்களோடு பிளாட்பாரத்தில் காத்திருந்தார். வண்டி நின்றது. மேளம் முழங்கியது. மாப்பிள்ளை வீட்டாராக நான் ஒருவன் மட்டும், தலையில் மூட்டையும் கையில் சப்பாத்துமாக இறங்கினேன். மேளக்காரர்கள் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் கங்காணியைப் பார்த்தார்கள்.

அதே சமயம் வாசல் பக்கமிருந்து, முன்னாலேயே வந்து சேர்ந்திருந்த எங்கள் ஆட்கள் மாப்பிள்ளையோடு உள்ளே வந்தார்கள்.

கங்காணி இரண்டு பக்கமும் பார்த்தார். "என்னங்க சம்பந்தி இது? மாப்பிள்ள ரோட்டுப் பக்கமிருந்து வர்றாரு. நீங்க ரயில்லேருந்து எறங்குறீங்க. எப்பங்க பொறப்பட்டீங்க? நேரம் பாத்துத்தானே?"

மேளம் நின்றுவிட்டது. அம்பலத்தண்ணன் வானத்தைப் பார்த்தார். பொண்ணு வீட்டுப் பெண்கள் தாம்பாளத்தோடு அப்படியே நின்றார்கள். ஒரு சின்னப் பொய் போதும். ஆனால் தலையில் தாலி இருந்தது.

"தாலி நல்ல நேரத்துல பொறப்பட்டுச்சுங்க" என்றேன். "நாங்க அதுக்குப் பின்னாடி, ராகுகாலத்துலதான் வந்தோம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தும்மல், நானா, பஸ், சுரங்கம், கார்டு ஐயா, சப்பாத்து உட்பட ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. முடித்தபோது விரல் கணுக்களில் கட்டை விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார்.

"மூட்டை வூட்ட வுட்டுப் போனது பத்தரைக்கு மேலங்களா?"

"ஆமாங்க."

"புதன்கெழமை பத்தரைக்கு மேல குளிகையாச்சே சம்பந்தி. குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்குமே?"

ராகுகாலத்தைப் பார்த்தவன் குளிகையைப் பார்க்கவில்லை. அம்பலத்தண்ணனும் பார்க்கவில்லை. அப்போது எங்கள் பின்னாலிருந்து, சம்பந்தி முன்னால் வாயே திறக்காத மீனாட்சி பேசினாள்.

"நடக்கட்டும் அண்ணே. தாலி வீடு தேடித்தானே வருது, திரும்பத் திரும்ப வந்தா நல்லதுதானே? ஆனா ஒண்ணு. அடுத்த தடவ இவரையும் அந்த மூட்டைக்குள்ளயே வெச்சுக் கட்டி அனுப்பிருவேன். அப்பவாவது ரெண்டும் ஒண்ணா வந்து சேரும்."

முதலில் தாம்பாளம் பிடித்திருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் மேளக்காரர். கங்காணி சிரிப்பை அடக்கப் பார்த்தார். தலைப்பாகை நழுவியது, பிடிக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே சிரித்துவிட்டார். "சாமி முன்னால நான் சொன்னது, கெளம்புற நேரத்தப் பத்தித்தான். தாலி சரியா கெளம்பிருச்சு. மத்ததெல்லாம் சாமான்தானுங்களே" என்றார். எங்களைத்தான் சாமான் என்றார். நாங்கள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டோம்.

மறுநாள் விடியற்காலை, பனி இன்னும் தேயிலைக்கு மேல் படுத்திருக்கும்போது, மாரியம்மன் சந்நிதியில் தங்கவேல் வெறுங்காலோடு உட்கார்ந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனாகத்தான் உட்கார்ந்தான். பொன்னம்மா தலை குனிந்தாள். முதல் முடிச்சைப் போட என் பிள்ளைக்கு இரண்டு கையும் போதவில்லை. ஓடுகிற பஸ்ஸில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு வருகிறவன்.